கடைமடைக்கு நாற்பது நிமிடம்

மன்னார்குடி மேலராஜவீதியில்
என் பிரவுசிங் சென்டர் இருந்த இடத்தில் இப்போது
காது கேட்கும் கருவி விற்கிறார்கள்.
என்னிடம் மிஞ்சியது எண்பது ஜிபி வன்தட்டு ஒன்று,
ஒரு திருகாணி குறைவாக.

அதில் நூற்றுப் பதினேழு கோப்புகள்.
குரங்கின் மேல் தேங்காய் எறிவது,
பரோட்டா புரட்டும் போட்டி,
தூங்கும் வாத்தியாரைத் தாண்டி
வகுப்பைவிட்டு நழுவும் குச்சி மனிதன்.
ஃப்ளாஷை நிறுத்திய அந்த டிசம்பருக்குப் பிறகு
எதைத் திறந்தாலும் சாம்பல் கட்டம்,
நடுவில் ஒரு புதிர்த்துண்டு.
இப்போது எமுலேட்டரில் ஒவ்வொன்றாய்
எழுப்பிப் பார்க்கிறேன்.
சிலது எழுகிறது.
சிலது பாதி எழுந்து
கையை மட்டும் ஆட்டுகிறது.

அறுபத்து மூன்றாவது, 'மதகு'.
செய்தவர் ஜெகபர் நாச்சியா, கூத்தாநல்லூர்.
நான்காம் கேபின், மின்விசிறிக்கு நேர் கீழே,
மல்டிமீடியா டிப்ளமா இரண்டாம் ஆண்டு.

ஆட்டம் இவ்வளவுதான்:
மேலே அணை. கீழே ஏழு வயல், ஆறு ஷட்டர்.
தூக்கணும், இறக்கணும்.
நீலக் கட்டங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும்.
ஆறாவது வயல்வரை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகலாம்.
ஏழாவது, முத்துப்பேட்டைப் பக்கம் மாதிரி ஓரத்தில்,
கடைசிவரை பழுப்பு.
பாலிடெக்னிக் பையன்கள் மவுஸை அறைந்துவிட்டுப் போனார்கள்.
மகனுக்கு ஹால் டிக்கெட் எடுக்க வந்த
பொதுப்பணித்துறை லஸ்கர் ஒருவர் மட்டும்
கொஞ்ச நேரம் நின்று பார்த்து,
"சரியாத்தான் பண்ணியிருக்கு" என்றார்.
நான் பிழை என்றே நினைத்தேன்.
நாச்சியாவிடம் சொன்னேன்.
"வரும்ண்ணே."
காசை வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

நேற்று கோப்பைப் பிரித்துப் பார்த்தேன்.
எழுதியவர் ஓரத்தில் போட்ட குறிப்பெல்லாம்
கோப்பாகிற நேரத்திலேயே உதிர்ந்துவிடும்,
பெயர்கள் தங்கும்.
வரப்பு ஒன்று, வரப்பு இரண்டு, தண்ணி,
நண்டுவளை
(இதற்கு ஒரு வேலையும் இல்லை, சும்மா இருக்கிறது),
அப்புறம் 'முறை'.

முறையின் அளவு இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.
விநாடிக்குப் பன்னிரண்டு சட்டகம் என்று வகுத்தேன்.
நாற்பது நிமிடம்.
ஆறு ஷட்டரையும் பாதி திறப்பில் விட்டு
நாற்பது நிமிடம் எதையும் தொடாமல் இருந்தால்
ஏழாவது வயல்.
தொட்டால் எண்ணிக்கை மறுபடி சைபர்.

என் கடையில் அரைமணிக்குப் பத்து ரூபாய்.
முப்பதாவது நிமிடம் திரையைப் பூட்டும் மென்பொருளை
எட்டு கணினியிலும் ஏற்றியவன் நான்.
தஞ்சாவூர் வரைக்கும் போய்
அந்த சிடியை வாங்கிவந்தவனும் நான்.

ராத்திரி விட்டுப் பார்த்தேன்.
ஒன்பதாம் நிமிடம் கை தானாக மவுஸுக்குப் போனது.
மறுபடி முதலிலிருந்து.
இந்தத் தடவை கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
நடுவில் கரண்ட் போய் வந்தது, லேப்டாப் தாங்கியது.
முப்பதாம் நிமிடம், பழக்கம், எழப்பார்த்தேன்.
முப்பத்தெட்டு. ஒன்றுமில்லை.
பழுப்பு எவ்வளவு பழுப்பு என்று
அதுவரை நான் பார்த்ததே இல்லை.

பிறகு ஒரே ஒரு நீலக் கட்டம்
கடைசி வரப்பருகே வந்து நின்றது,
வழி கேட்பவர் மாதிரி.
உள்ளே இறங்கியது.

வெற்றி என்று எதுவும் எழுதவில்லை.
மதிப்பெண் அதே சைபர்.
சத்தம் மட்டும் வந்தது, இரண்டு விநாடி,
மட்டமான மைக்கில் பிடித்தது.
பாமணியோ கோரையாறோ, தண்ணீர்.
பின்னால் பஸ் ஹாரன்.
அதற்கும் பின்னால் ஓர் ஆண்குரல்:
"வந்துருச்சா?"
தண்ணியைக் கேட்கிறாரா பஸ்ஸையா
என்று எத்தனை தடவை கேட்டும் புரியவில்லை.

நாச்சியா பினாங்கில் என்கிறார் ஒருவர்,
இல்லை ஈப்போ என்கிறார் இன்னொருவர்.
போட்ட மின்னஞ்சல் திரும்பிவிட்டது.

பட்டியலில் ஏற்றினேன்:
அறுபத்து மூன்று. மதகு. இயங்குகிறது. பிழை இல்லை.

அறுபத்து நான்கு, பறக்கும் கோழி.
திறக்கவில்லை.